சுடும் குளிர்

மார்கழியிலும் மின்விசிறியின்றிப் பாடம் நடத்த இயலாத கடற்கரை ஊரில் நாம் பிறந்து வளர்ந்தோம். ஆதலின் குளிர் என்பது நமக்கு நூல்வழி அறிந்த பொருளே. நெடுநல்வாடையை நடத்துங்கால், மந்தி நடுங்குவதையும் பறவை மரத்தினின்று வீழ்வதையும் கறவை தன் கன்றை உதைத்துத் தள்ளுவதையும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே விளக்குவோம். பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிய பொழுதாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. சுட்டெரிக்கும் நிலத்துக்குப் பனி எவ்வாறு பொருந்தும் என்று மாணவர் வினவினால், உரையாசிரியர் கூற்றைச் சொல்லி மேற்செல்வோம். வெப்பமும் குளிரும் ஓரெல்லையில் ஒன்றாகிவிடும் என்பதை நம் வலக்கைச் சுட்டுவிரல் நமக்குக் கற்பித்தது 2017ஆம் ஆண்டில்தான்.

விரலின் ஓரத்தில் கடுகளவாகத் தோன்றிய மரு, சில திங்களில் துவரம்பருப்பளவு ஆயிற்று. அதனருகே மேலும் இரண்டு முளைத்தன. சுண்ணக்கட்டியைப் பிடித்தால் உறுத்தும். விடைத்தாள் திருத்தும் காலத்தில் சிவப்பு மையோடு சிறிது செந்நீரும் கலக்கும். அறிவுரைக்கு மட்டும் நம் நாட்டில் என்றும் பஞ்சமில்லை. அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவச் சொன்னார் அண்டை வீட்டு அம்மையார். குதிரைவால் மயிரால் இறுகக் கட்டச் சொன்னார் நம் மாமா. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்தால் மறுநாளே உதிரும் என்றார் ஒருவர். அதையும் செய்தோம். மறுநாள் உதிர்ந்தது மருவன்று, அதைச் சூழ்ந்திருந்த நல்ல தோல். புண் ஆறியபின் மரு முன்னினும் செழிப்பாக வளர்ந்தது.

வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். பிறர் கையைத் தொட அஞ்சியதே பெருந்துன்பம். மரு தொற்றும் என்று எங்கோ படித்திருந்தோம். நம் கல்லூரியிலோ ஒருவரையொருவர் காணும்போது இரு கைகளாலும் பற்றி முஸாபஹா செய்வது அன்றாட வழக்கம். காலையில் வாயிற்காவலரில் தொடங்கி மாலைவரை எத்தனை கைகள்! நாம் வலக்கையில் புத்தகக் கட்டைச் சுமக்கத் தொடங்கினோம். கை ஒழியவில்லை என்பதற்கு அஃதொரு சான்று. அவ்வாண்டு நோன்புப் பெருநாளன்று, ஓய்வுபெற்ற அரபுத்துறைப் பேராசிரியரை அவரது இல்லத்தில் கண்டோம். எண்பது அகவை கடந்தவர். நீட்டிய கைகளை நாம் பற்றாது நெஞ்சில் கை வைத்து நின்றதைக் கண்டு, "என்ன தம்பி, என்மேல் ஏதும் மனத்தாங்கலா?" என்றார். காரணத்தைச் சொல்ல நா எழவில்லை. வீடு திரும்பும் வழியில், ஆறு வயது மகள் வழக்கம்போல் நம் வலக்கையைப் பற்ற வந்தாள். அவளை இடப்பக்கம் வரச் சொன்னோம். "ஏன் அத்தா எப்பவும் இந்தக் கை?" என்றாள். அவ்வார இறுதியிலேயே தோல் மருத்துவரிடம் சென்றோம்.

மருத்துவர் இளம்பெண். உருப்பெருக்கியால் விரலை நோக்கினார். பாப்பிலோமா என்னும் நச்சுயிரியால் வருவது இது, ஓராண்டு ஈராண்டில் தானே மறைவதும் உண்டு என்றார். குதிரைவால் மயிருக்கும் கோயில் குளத்தில் இடும் உப்பு மிளகுக்கும் இத்தனை காலம் புகழ் வந்த வழி அப்போது புலப்பட்டது. தானே போகும் நோய்க்கு மருந்து சொல்பவர் எவரும் தோற்பதில்லை! "காத்திருக்கலாம், ஐயா. அல்லது உறைய வைத்து எடுக்கலாம். வலிக்காது என்று சொல்லமாட்டேன். ஒரே முறையில் போகும் என்றும் உறுதி தரமாட்டேன்" என்றார். காத்திருக்க மனமில்லை என்றோம்.

உதவியாளர் கொணர்ந்த கலனைக் கண்டதும் நமக்குச் சிரிப்பு வந்தது. அகன்ற வயிறும் குறுகிய கழுத்தும் கொண்ட அந்த அலுமினியக் கலனை இளமையில் நம்மூர்க் கால்நடை மருந்தகத்தில் கண்டிருக்கிறோம். பசுக்களின் கருவூட்டலுக்கான விந்துக்குச்சிகளை அதில்தான் வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்தால் புகை வரும். நாங்கள் சிறுவர்கள் பேய் பேய் என்று ஓடுவோம். உள்ளிருப்பது திரவ நைட்ரசன். நாம் மூச்சிழுக்கும் காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு அதுவே. நீர் உறையும் நிலைக்கும் கீழே 196 பாகை செல்சியசில் அது கொதிக்கிறது. புகையெனத் தோன்றுவதும் நைட்ரசன் அன்று. அதன் குளிரால் காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாவதே அது.

போலந்தின் கிராக்கவ் நகரில் 1883ஆம் ஆண்டு ரோப்லெவ்ஸ்கி, ஓல்செவ்ஸ்கி என்னும் இரு பேராசிரியர்கள் நைட்ரசனைத் திரவமாக்கினர். அத்தகைய குளிரைக் காத்து வைக்கும் வெற்றிடக் குடுவையை 1892இல் ஜேம்ஸ் டூவர் அமைத்தார். நம் வீட்டு வெந்நீர்க் குடுவைக்கு மூதாதை அதுவே. குளிரைக் காக்கப் பிறந்தது தேநீரைக் காக்க வந்து சேர்ந்தது. திரவக் காற்றைக் கொண்டு தோல் நோய்களை நீக்கியதை நியூயார்க் மருத்துவர் கேம்பல் ஒயிட் 1899இல் வெளியிட்டார். அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே, இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்னாட் பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து புற்றுநோயாளரின் வலியைத் தணித்திருக்கிறார். ஐஸ் வண்டிக்காரர் குச்சி ஐஸ் உறைய வைத்த அதே கலவைதான்.

கலனிலிருந்து தெளிப்பானுக்கு மாற்றும்போது சில துளிகள் தரையில் சிந்தின. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்போல் அவை உருண்டோடி மறைந்தன. நாம் வெறுங்காலால் மிதிக்கும் குளிர்ந்த தரை, அத்துளிக்கு நெருப்புக்கல்! இதை வியந்துகொண்டிருக்கும்போதே சீறல் ஒலி கேட்டது.

முதல் இரண்டு நொடி, பனிக்கட்டியைத் தொட்டாற்போல் இருந்தது. பிறகு ஊசி. அதன்பின் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் விளிம்பைப் பற்றியதுபோல் சுட்டது. ஐயமேயில்லை, அது சூடுதான். கண்ணை மூடிக்கொண்டு எவரைக் கேட்டிருந்தாலும் தீ என்றே சொல்லியிருப்பார். கையை இழுத்துக்கொள்ளாதிருக்க இடக்கையால் மேசைக் காலைப் பற்றினோம். மருவும் அதைச் சுற்றி ஒரு சிறு வளையமும் வெண்மையாகிக் கல்லாய் இறுகின. மருத்துவர் நிறுத்தினார். உறைவதைவிட உருகுவதே கொடிதென்று அப்போது அறிந்தோம். விரல் தன் நாடியைத் தானே அடித்துக்கொண்டது. உறையும்போது உயிரணுக்களில் பனிப்படிகங்கள் தோன்றும், உருகும்போது அவை சிதையும், ஆதலால் உருகவிட்டு மறுபடியும் உறைய வைப்பது வழக்கம் என்றார். மறுபடியுமா என்று கேட்ட நம் குரல் நமக்கே வேற்றாள் குரலாக ஒலித்தது.

அன்றிரவு உறக்கமில்லை. விடியலில் கருஞ்சிவப்பான கொப்புளம் நாவற்பழம்போல் எழுந்திருந்தது. ஒரு வாரத்தில் அது வற்றிக் கருகி உதிர்ந்தது. மூன்று வார இடைவெளியில் இன்னும் மூன்று முறை சென்றோம். இரண்டாம் முறை அச்சம் மிகுதி. வருவது இன்னதென்று தெரிந்திருந்ததே காரணம். நான்காம் முறைக்குப்பின் விரலின் வரிகள் மருவிருந்த இடத்தில் மீண்டும் ஒன்றுகூடின. அதுவே நோய் நீங்கியதற்கு அடையாளமாம்.

இக்காலத்தில் உடல் முழுவதையும் குளிர் அறையில் மூன்று நிமிடம் நிறுத்தும் முறையொன்று பெருநகரங்களில் பரவி வருகிறது. 1978இல் சப்பானிய மருத்துவர் யமவுச்சி மூட்டழற்சிக்காகத் தொடங்கியது அது. இன்றோ இளமைக்கும் அழகுக்கும் அதை விற்கிறார்கள். அத்தகைய கருவி எதற்கும் தான் ஒப்புதல் அளித்ததில்லை என்று அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2016இல் எச்சரித்தது. ஒரு விரலுக்கே மேசைக் காலைப் பற்றியவர்கள் நாம். முழு உடலுக்கு எதைப் பற்றுவது?

தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் குளிரை எளிதில் தாங்கா. ஆகவே மருவிருந்த இடத்தில் அரிசியளவு வெண்புள்ளி ஒன்று தங்கிவிட்டது. சுண்ணத்தூள் என்று கருதி மாணவர் சிலர் துடைத்துக்கொள்ளச் சொல்வர்.

அடுத்த பெருநாளன்று அரபுப் பேராசிரியரின் இல்லத்துக்கு மகளையும் அழைத்துச் சென்றோம். அவர் கைகளை நீட்டுமுன் நாம் நீட்டினோம். சென்ற ஆண்டு நடந்ததன் காரணத்தையும் சொன்னோம். அவர் வெண்புள்ளியைக் கண்ணருகே கொண்டுசென்று நோக்கிவிட்டு, தம் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். அங்கும் ஒரு பழைய மருவின் வடு இருந்தது. "சுண்ணாம்பு" என்றார் சிரித்துக்கொண்டே. மகள் இருவர் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது நம் வலப்பக்கம் நடந்து வந்தாள்.