அப்பத்தாவின் வலது கண்

எங்கள் அப்பத்தா அரிசியில் கல் பொறுக்கும்போது சுளகைப் பார்ப்பதில்லை. முகம் வாசற்பக்கம் திரும்பியிருக்கும். விரல்கள் மட்டும் அரிசிக்குள் அலைந்து, கல்லையும் நெல்லையும் தனித்தனியே எடுத்துப் போடும். அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் அதைக் கைப்பழக்கம் என்று எண்ணியிருந்தோம். மானாமதுரைக்குத் தெற்கே உள்ள எங்கள் சிற்றூருக்கு விடுமுறையில் போய் இறங்கினால், நாங்கள் வாய் திறக்குமுன்பே, படியேறும் காலடியோசையை வைத்து ‘பெரியவனா, சின்னவனா’ என்று பிரித்தறிந்து அழைப்பார். அதைப் பாசம் என்று எண்ணியிருந்தோம்.

மதுரையில் விடுதியில் தங்கி இருவரும் தமிழ் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ‘கண்விதுப்பழிதல்’ அதிகாரத்துக்குப் பரிமேலழகர் உரையை ஒப்பிக்கத் தெரிந்த எங்களுக்கு, வீட்டில் ஒருவருக்குக் கண் தெரியவில்லை என்பது தெரிந்திருக்கவில்லை. 2001ஆம் ஆண்டுப் பொங்கலன்று அவர் சோறு பரிமாறியபோது அகப்பை இலைக்கு ஒரு சாண் தள்ளிக் கவிழ்ந்தது. தரையில் விழுந்த சோற்றை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார்.

இத்தனைக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்பே இருமுறை இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்திருக்கிறது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் தெருவுக்கும் வந்து போயிருக்கிறது. முதல் முகாம் மிளகாய்ப் பழம் எடுக்கும் நாளில் வந்தது. இரண்டாவது முகாமின்போது பசு கன்று ஈனும் தறுவாயில் இருந்தது. இவை சொன்ன காரணங்கள். சொல்லாத காரணத்தைப் பிறகு ஒருநாள் சொன்னார்: “கண்ணைத் தோண்டி வெளிய எடுத்து வச்சுத் தொடச்சுட்டுத் திரும்ப வப்பாகளாமே.” அதற்கும் மேலாக ஒன்று: “எனக்கென்னப்பா, இனிமே பேப்பரா படிக்கப்போறேன்?”

மதுரைக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் இடது கண்ணில் புரை என்றார்; அகற்றி லென்ஸ் வைத்தால் பார்வை வரும். வலது கண்ணில் புரை முற்றிக் கண்ணின் உள்ளழுத்தத்தை ஏற்றிவிட்டது, நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. எப்போதாவது சிவந்து வலித்ததா என்று கேட்டார். முந்தைய ஐப்பசியில் வலித்ததாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டுக்கொண்டாராம். அந்த ஐப்பசியில் தீபாவளிக்கு நாங்கள் ஊரில்தான் இருந்தோம்.

கட்டுப் பிரித்த அன்று இடது கண்ணால் அவர் முதலில் பார்த்தது எங்கள் தந்தையின் தலையை. “என்னடா, ஒனக்கு இம்புட்டு நரச்சிருச்சு?” என்றார். மகனுக்கு நரை விழுந்த ஆண்டுகள் முழுவதையும் அவர் காணவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

நம் நாட்டில் கண் மருத்துவம் புதிதன்று. தொண்ணூற்றாறு கண்நோய்களைப் பெயர் சொல்லி வகுக்கும் ‘நாகமுனிவர் நயனவிதி’ நம் சித்த மருத்துவ மரபில் இருக்கிறது. சென்னையில் கண்ணுக்கென்றே ஒரு மருத்துவமனை 1819இல் தோன்றிவிட்டது. அங்கிருந்து எங்கள் ஊர் வரைக்கும் உள்ள தொலைவு வெறும் மைல் கணக்கன்று.

அந்தத் தொலைவைக் குறைக்கப் பெரிதும் பாடுபட்டவர் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொண்ட பிறகு, அந்த விரல்களைக் கொண்டே கண் அறுவைக்குக் கத்தி பிடிக்கப் பழகியவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுப்பவர் கொடுக்க, இயலாதவருக்கு இலவசம் என்ற ஏற்பாடு. ஊர்தோறும் முகாம் நடத்தி, புரை உள்ளவர்களைப் பேருந்தில் ஏற்றி வந்து, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். முன்பெல்லாம் புரையை எடுத்தால் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அது உடைந்தால் மீண்டும் குருடு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைக்கு எட்டாத விலை. 1992இல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே செய்யத் தலைப்பட்ட பிறகே அது எங்கள் அப்பத்தா போன்றவர்களின் கண்ணுக்குள் வந்து சேர்ந்தது.

ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. முகாம் நடந்த தென்னிந்தியக் கிராமங்களை ஆராய்ந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் கோளாறு உள்ளவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே முகாமுக்கு வந்தனர் என்று கண்டது. மருத்துவம் இலவசம், உணவு இலவசம், பேருந்து இலவசம். இருந்தும் 93 பேர் வரவில்லை. அச்சம், கூலியிழப்பு, வீட்டுப் பொறுப்பு, ‘வயசானால் இப்படித்தான்’ என்னும் அமைதி. இவற்றை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நாங்களும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். மிளகாய்ப் பழம் ஒருநாள் தாமதித்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர் அப்பத்தாதான், நாங்கள் அல்லர்.

முகாம் ஒருநாள் வந்து மறுநாள் போய்விடும். அதனால்தான் 2004 முதல் சிற்றூர்களில் நிலையான கண் பரிசோதனை மையங்களை அரவிந்த் திறக்கத் தொடங்கியது. ஒரு மையம், சில கருவிகள், பயிற்சி பெற்ற பெண்கள். மருத்துவர் தொலைவிலிருந்து திரையில் பேசுவார். இப்பெண்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்து, இரண்டாண்டுகள் பயின்றவர்கள். கிராமத்துக்கு மருத்துவரை அனுப்பியே தீருவோம் என்று மேடைதோறும் முழங்குவதைவிட இது நடக்கக்கூடிய காரியம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எதிரே அமர்ந்திருக்கும் பெண் நம் பேச்சையே பேசினால் அச்சத்தில் பாதி கரைந்துவிடுகிறது.

இதை நாங்கள் கண்ணாரக் கண்டது சென்ற மாதம். எங்கள் தாயாருக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பேருந்து நிலையத்தருகே மருந்துக்கடை மாடியில் இருக்கும் அப்படியொரு மையத்துக்கு அழைத்துப் போனோம். “நாடிய இதுல வைங்கம்மா, இமைக்காதீங்க” என்றாள் அந்தப் பெண். விழித்திரையின் படம் எடுத்தாள். சற்று நேரத்தில் திரையில் தோன்றிய மருத்துவர் இரண்டு கண்களிலும் நுண்ணிய இரத்தக் கசிவுகள் இருப்பதாகச் சொன்னார். மதுரைக்கு வந்து லேசர் செய்துகொள்ள வேண்டும். ஒருமுறை அன்று, சில முறைகள். வலியிராது, பார்வை குறைந்த பிறகு வந்தால் போனதை மீட்பது அரிது.

அம்மா இறங்கி வரும்போது படிக்கட்டில் நின்று, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டாமல் முழுவதும் படித்துக் காட்டினார். “எனக்கு நல்லாத்தானே தெரியுது?”

எங்களில் ஒருவருக்குக் கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் பணி. மற்றவருக்குக் கோவையில் விடுப்புக் கிடைக்காத வேலை. இலவச ஒலிபெருக்கி ஆட்டோவுக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் இடையே அப்பத்தா நின்ற அதே இடத்தில் நாங்கள் நிற்கிறோம். எங்களிடம் சம்பளமும் மகிழுந்தும் இருக்கின்றன என்பதே வேறுபாடு. மூன்று வாரங்கள் கடந்துவிட்டன. மையத்துப் பெண் இருமுறை தொலைபேசியில் அழைத்து, ஏன் இன்னும் போகவில்லை என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். “எம்மகன் வரட்டும்னு இருக்கேன் தாயி” என்று இவர் சொல்லியிருக்கிறார்.

வரும் வியாழன் காலை முதல் பேருந்துக்கு இருக்கை பதிவதாக இல்லை, வண்டியிலேயே போகிறோம். விடைத்தாள்கள் பின்னிருக்கையில் வரும்.