இரண்டாவது சாவி

பாங்கில் லாக்கர் வைத்திருக்கும் சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கும். நம் சாவியை மட்டும் போட்டுத் திருப்பினால் லாக்கர் திறக்காது. பாங்க்காரர் முதலில் தன் சாவியைப் போட வேண்டும். அப்புறம்தான் நம் சாவி வேலை செய்யும். ஒரு சாவி திருட்டுப் போனாலும் நகை பத்திரம். இதே மாதிரி ஏற்பாடு இன்று கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் வந்துவிட்டது. குடும்பப் பெண்களாகிய நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

என் பெண் காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, மண்ணடியில் ஒரு சின்ன ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்குக் கணக்கு எழுதும் இடம். எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு சர்வர். சர்வர் என்றதும் என் மாமியார், "இன்னாடி, ஆபீஸ்ல ஓட்டலா வச்சிருக்காங்க?" என்றார்கள். "இல்ல ஆயா, அது எல்லாருக்கும் பொதுவான சாமான் ரூம் மாதிரி. வீட்லேருந்தே உள்ளே போய் கணக்கை எடுக்கலாம், வைக்கலாம்" என்று சிரித்தாள் பேத்தி.

பொதுவான அறை என்பதில்தான் வம்பே. எட்டுப் பேரில் ஒருவர் தன் பிறந்த தேதியையே பாஸ்வேர்டாக வைத்திருந்தால் போதும். அதைக் கண்டுபிடித்து உள்ளே நுழைகிறவன் எட்டுப் பேரின் உழைப்பையும் அழித்துவிட்டுப் போகலாம். அதனால் எல்லாரும் இரண்டாவது சாவி போட்டே ஆக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். முதல் சாவி நம் மனதில் இருக்கும் பாஸ்வேர்ட். இரண்டாவது, நம் கையில் இருக்கும் போன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையைச் செய்தாள். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டேன். திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம் வந்தது. கடைகளில் பணம் கட்ட மாட்டி வைத்திருப்பார்களே, அது மாதிரி. அதைப் போனுக்குக் காட்டினாள். அதற்குள் இருக்கும் ஒரு ரகசிய எண் போனில் பதிந்துவிடுகிறது. சர்வரிலும் அது இருக்கிறது. இரண்டும் அந்த ரகசியத்தையும் மணியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 வினாடிக்கு ஒரு புது ஆறு இலக்க எண்ணைத் தருகின்றன. இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் கதவு திறக்கும். இந்த முறை 2011-லேயே பொதுத் தரமாக வெளியாகிவிட்டது. மெசேஜ் வரக் காத்திருக்க வேண்டாம். டவர் கிடைக்காத இடத்திலும் வேலை செய்யும். "போன்ல மணி மட்டும் சரியா ஓடணும்மா" என்றாள்.

அவள் செய்த இரண்டு காரியங்கள் எனக்குப் பிடித்திருந்தன. புதுச் சாவியைச் சோதிக்கும்வரை, ஏற்கெனவே திறந்திருந்த பக்கத்தை அவள் மூடவில்லை. "இதை மூடிட்டு, புதுச் சாவி சேரலைன்னா நான் வெளியே நிக்க வேண்டியதுதான்" என்றாள். அடுத்தது, போன் தொலைந்தால் உதவுவதற்காக ஐந்து அவசர எண்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். அவற்றைத் தாளில் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டு இருக்கும் பைக்குள் வைத்தாள். போனிலேயே வைத்தால், போன் போகும்போது அதுவும் கூடவே போய்விடுமே!

மறுநாள் கூட வேலை செய்யும் பெண் போனில் கூப்பிட்டு, "உன் நம்பரைச் சொல்லுடி, நான் உள்ளே போய் ஒரு பில் எடுத்துக்கறேன்" என்றாள். என் பெண் பில்லைத் தானே எடுத்து அனுப்பினாள், நம்பரைச் சொல்லவில்லை. சிநேகிதியிடம் இவ்வளவு கறாரா என்று கேட்டேன். "ஆளுக்கொரு சாவி இருந்தாத்தாம்மா யார் உள்ளே போனாங்கன்னு தெரியும். ஒருத்தர் போன் தொலைஞ்சா அந்தச் சாவியை மட்டும் ரத்து பண்ணிடலாம். இன்னிக்கு அவளுக்குச் சொன்னா, நாளைக்கு யாரோ அவ பேரைச் சொல்லிக் கேப்பாங்க" என்றாள்.

எங்கள் தெருவில் ஓர் அக்காவின் கதை எனக்கு உடனே ஞாபகம் வந்தது. மகளிர் குழுவின் பணத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர். பார்சல் வந்திருப்பதாக எவனோ போனில் மரியாதையாகப் பேசி, மெசேஜில் வந்த எண்ணைக் கேட்டிருக்கிறான். அவர் அடுப்பில் குழம்பு கொதிக்கும் அவசரத்தில் படித்துச் சொல்லிவிட்டார். குழுவுக்காக வசூலித்து வைத்திருந்த 18,000 ரூபாய் போய்விட்டது. யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் மூடி வைத்தார். கடைசியில் கழுத்துச் செயினை அடகு வைத்துப் பணத்தைக் கட்டினார். அதற்குள் நாலு பேர் நாலு விதமாகப் பேசியும்விட்டார்கள்.

அந்த அக்காவின் கணக்குக்கும் இரண்டாவது சாவி இருந்தது. கார்டு வைத்து இன்டர்நெட்டில் பணம் கட்டுவதற்கு இப்படி இன்னொரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்தே கட்டாயமாக்கியது. பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் சாவியை நாமே ஜன்னல் வழியாக நீட்டிவிட்டால் பூட்டு என்ன செய்யும்?

ஆகவே சகோதரிகளே, போனில் வரும் எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பாங்க் மேனேஜர் என்று சொன்னாலும் சரி, தெரிந்தவர் பெயரைச் சொன்னாலும் சரி. அதைத் தெரியாத பக்கத்தில் டைப் செய்வதும், வாயால் சொல்வதும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் கணக்கு என்ற இடத்தில் இரு படிச் சரிபார்ப்பு இருக்கிறது. ஆறு இலக்கத்தில் ஒரு எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளலாம். கல்யாண நாளை வைக்காதீர்கள், அது ஊருக்கே தெரியும்! ஒருவேளை பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் தடுக்க வழி உண்டு. இந்த எண்ணைக் காலண்டர் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். இதை மட்டும் எல்லோருக்கும் சொல்லலாம்.