ஒரு பானைச் சோறும் ஒரு நாட்டு மக்களும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் முன்னோர் மொழி. அடுப்படிக்கு அது முற்றிலும் பொருந்தும். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே நெருப்பு. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் பானை முழுவதின் பக்குவமும் விளங்கிவிடும். ஆனால் மனிதர்களை அவ்வாறு பதம் பார்க்க முடியுமா? முடியும் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஒருவரைப் பார்த்து அவர் ஊரையும், ஒரு செய்தியைக் கேட்டு ஒரு நாட்டையும் எடைபோட்டு விடுகின்றோம்.

எங்கள் மகளிர் விடுதியில் இரவு உணவுக்குப் பின் உலக விவகாரங்களை அலசுவது வழக்கம். அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும் நாளில் எங்கள் அவையும் சூடுபிடிக்கும். 'துப்பாக்கி வைத்திருப்பவன் எவனும் மனிதனே அல்லன்' என்பாள் ஒரு தோழி. 'அந்த நாட்டுக்கே துப்பாக்கிப் பைத்தியம்' என்பாள் இன்னொருத்தி. அவர்கள் மனக்கண்ணில் நிற்கும் அமெரிக்கத் துப்பாக்கிக்காரரை நானும் அறிவேன். அகன்ற தொப்பி, முரட்டுத் தாடி, பெரிய வண்டி, வெள்ளைத் தோல், சிவந்த கண்கள், படிப்பறிவின்மை. திரைப்படங்கள் பாதியும் செய்திகள் பாதியுமாகச் சேர்ந்து தீட்டிய சித்திரம் அது.

இந்த வாதங்களில் நான் வாய்மூடி இருப்பதில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, எங்கள் பாடத்திட்டத்தில் அமெரிக்க வரலாறு ஒரு தாள். மற்றொன்று, நானே ஒரு துப்பாக்கிக்காரர் வீட்டுப் பிள்ளை.

துப்பாக்கிக்காரர் வீடு

எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நாளில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கிவிடும். பயிரைக் காப்பதற்காக என் தாத்தா உரிமம் பெற்று வைத்திருந்தது ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி. வானத்தை நோக்கி ஒரு வேட்டு, பன்றிகள் ஓடிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. தேர்தல் அறிவிக்கப்பட்டால் அதைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். தேர்தல் முடிந்தபின் ரசீதைக் காட்டி மீட்டு வருவார்.

தாத்தா, ஏர்மாட்டைக்கூட அதட்டிப் பேசாதவர். ஆனால் ஊருக்கு அவர் 'துப்பாக்கிக்காரர்'. என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள், 'துப்பாக்கி வைத்திருக்கிற வீடாமே! நாளைக்கு ஒரு மனத்தாங்கல் என்றால் என்ன ஆவது?' என்று தயங்கித் திரும்பிய கதையை அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு பொருளை வைத்திருப்பதாலேயே ஒருவர் குணம் தீர்மானிக்கப்பட்டுவிடும் என்பதை நான் ஏட்டில் படிக்குமுன் வீட்டிலேயே படித்தேன். ஆகவேதான் கடல் கடந்த நாட்டின் துப்பாக்கிக்காரர்களைப் பற்றிப் படிக்கும்போது, அந்தத் தொப்பிக்கும் தாடிக்கும் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தேடத் தோன்றியது.

தொப்பிக்குள் அடங்காத வரலாறு

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் 1791-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பேசுவது அதுவே. இன்று அவ்வுரிமைக்காகப் போராடும் அமைப்புகளில் பெயர் பெற்றது நேஷனல் ரைபிள் அசோசியேஷன். 1871-இல் அதைத் தொடங்கியவர்கள், உள்நாட்டுப் போரில் தங்கள் வீரர்கள் குறிபார்த்துச் சுடத் தெரியாமல் திணறியதைக் கண்டு வருந்திய வடபுலப் படை அதிகாரிகள். நெடுங்காலம் அது குறிசுடும் பயிற்சிக்கான கழகமாகவே இருந்தது. 1977-இல் சின்சினாட்டி நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் பழைய தலைமையைக் கவிழ்த்த பின்னரே, அது இன்று நாம் அறிந்த அரசியல் வேகத்தைப் பெற்றது. ஒரே கழகத்துக்கே இரண்டு முகங்கள் இருந்திருக்கின்றன என்றால், கோடிக்கணக்கான மக்களுக்கு ஒரே முகம் எப்படி இருக்க முடியும்?

துப்பாக்கி உரிமை என்றாலே வெள்ளை இனவெறி என்று கருதுவோர் உண்டு. அவர்கள் ஐடா பி. வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியை அறிய வேண்டும். கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமையை எதிர்த்து எழுதிய அந்தப் பத்திரிகையாளர், ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருக்க வேண்டும் என்று 1892-இல் வாதிட்டார். சட்டம் காக்காத இடத்தில் வேறு எது காக்கும் என்பதே அவர் கேள்வி. 1964-இல் லூசியானா மாநிலத்தில் ஜோன்ஸ்பரோ என்னும் ஊரில் கறுப்பினத் தொழிலாளர்கள் ஒன்றுகூடி ஒரு காவல் அமைப்பை உருவாக்கினர். அவர்களில் பலர் முன்னாள் படைவீரர். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெறிக்கூட்டத்திடமிருந்து, குடியுரிமைப் போராட்டத் தொண்டர்களை அவர்கள் துப்பாக்கி ஏந்திக் காத்தனர்.

அண்ணல் காந்தியின் வழியைத் தம் வழியாகக் கொண்ட மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்விலும் இதற்கு ஓர் இடம் உண்டு. 1956-இல் அவர் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டபோது அவர் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், அது மறுக்கப்பட்டது. பின்னர் அவர் ஆயுதத்தை அறவே துறந்தார். 1968-இல் ஒரு துப்பாக்கிக் குண்டுக்கே இரையானார். துப்பாக்கியைத் தேடிய கிங்கும் துறந்த கிங்கும் ஒருவரே அல்லவா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கறுப்புச் சிறுத்தைகள் அமைப்பினர் குண்டு நிரப்பிய துப்பாக்கிகளோடு தெருவில் காவல் சுற்றியபோது, அதைத் தடுக்கக் கலிபோர்னியாவில் 1967-இல் ஒரு சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன். பிற்காலத்தில் துப்பாக்கி உரிமைக்காரர்கள் போற்றிய குடியரசுத் தலைவரும் அவரே! 1981-இல் அவரே சுடப்பட்டுப் பிழைத்தார். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்க வழிசெய்யும் மசோதாவை 1991-இல் ஆதரித்தார்.

சிகாகோ நகரில் கைத்துப்பாக்கிக்கு இருந்த தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் ஓட்டிஸ் மெக்டொனால்டு. எழுபது வயதைக் கடந்த கறுப்பினத்தவர். அவர் வீட்டில் பலமுறை திருட்டு நடந்திருந்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இவர் தலையில் எந்தத் தொப்பியைப் பொருத்துவது?

முத்திரை உயிரையும் வாங்கும் என்பதற்கு ஃபிலாண்டோ காஸ்டீல் சாட்சி. கறுப்பினத்தவரான அவர் மின்னசோட்டாவில் ஒரு பள்ளி உணவகப் பணியாளர். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருந்தார். 2016-இல் காவலர் ஒருவர் அவர் வண்டியை நிறுத்தியபோது, துப்பாக்கி இருப்பதை அவரே முன்வந்து சொன்னார். சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காவலர் மறு ஆண்டு விடுதலை செய்யப்பட்டார்.

எண்கள் கூறுவது என்ன?

பியூ ஆய்வு மையம் 2023-இல் எடுத்த கணக்கின்படி, அமெரிக்காவில் வயது வந்தோரில் 32 விழுக்காட்டினர் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகக் கூறினர். ஆண்களில் 40 விழுக்காடு. பெண்களிலும் 25 விழுக்காடு. அதாவது நான்கு பெண்களில் ஒருத்தி! அதே மையத்தின் 2017-ஆம் ஆண்டுக் கணக்கில், துப்பாக்கி வைத்திருப்போரில் 19 விழுக்காட்டினரே நேஷனல் ரைபிள் அசோசியேஷன் உறுப்பினர் எனத் தெரிவித்தனர். தனியாரிடம் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியையும் சரிபார்க்க வேண்டும் என்பதைத் துப்பாக்கி இல்லாதவர்களில் 87 விழுக்காட்டினர் ஆதரித்தனர். இருப்பவர்களிலும் 77 விழுக்காட்டினர் ஆதரித்தனர். இரு கரைகளுக்கும் இடையே உள்ள ஆறு நாம் நினைக்கும் அளவுக்கு அகலமானதன்று.

இதனால் துப்பாக்கியே நன்று என்று நான் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள். 2022-இல் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகள். அந்தப் பெற்றோரின் கண்ணீருக்கு முன் எந்த வாதமும் நிற்காது. 2017-ஆம் ஆண்டு இறுதியில் அந்நாட்டு மக்கள் கையில் 39 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இருந்தன என்பது ஓர் ஆய்வு மதிப்பீடு. மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகம். அங்கே கடுமையான சட்டம் வேண்டும் என்பதே என் கட்சி.

ஆனால் என் கட்சியினர் மீதும் எதிர்த்தரப்பார் முத்திரை குத்துகின்றனர். 'கோழைகள், சுதந்திரத்தின் பகைவர்கள், துப்பாக்கியைத் தொட்டும் பாராதவர்கள்' என்பது அவர்கள் தீட்டும் சித்திரம். காபிரியேல் கிஃபோர்ட்ஸ் அம்மையார் என்ன விடை தருகிறார்? அரிசோனாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவை உறுப்பினர் அவர். துப்பாக்கி வைத்திருந்தவர், துப்பாக்கி உரிமையை ஆதரித்தவர். 2011-இல் மக்களைச் சந்தித்துக் கொண்டிருந்தபோது தலையில் சுடப்பட்டார். அவரோடு இருந்தவர்களில் ஆறு பேர் மாண்டனர். பிழைத்தெழுந்த அவர், துப்பாக்கி வன்முறையைத் தடுக்கும் சட்டங்களுக்காகத் தம் வாழ்வையே ஒப்படைத்தார். இரு சித்திரங்களையும் ஒரே பெண்மணி கிழித்துவிட்டார்.

நியூ ஹாம்ஷயரில் ஒரு கடை

'சரி, முத்திரை குத்தினால்தான் என்ன? அவர்கள் மனம் புண்படும், அவ்வளவுதானே?' என்று தோழி ஒருத்தி கேட்டாள். அவ்வளவு மட்டுமன்று. அதில் உயிர்கள் அடங்கியிருக்கின்றன.

2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். இவர்களில் கொலையுண்டோரே மிகுதி என்றுதான் எவரும் நினைப்பர். கொலையுண்டோர் 20,958 பேர்; தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மடிந்தோர் 26,328 பேர். பாதிக்கும் மேல் தற்கொலை! அந்தச் சாவுகள் தெருவில் நிகழ்வன அல்ல. பெரும்பாலும் வீட்டுக்குள் நிகழ்பவை. அந்த வீட்டின் கதவைத் தட்டித் துப்பாக்கியைச் சற்று அப்புறப்படுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? உறவினருக்கு, நண்பருக்கு, பக்கத்து வீட்டுத் துப்பாக்கிக்காரருக்கு.

2009-இல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஒரே வாரத்துக்குள் மூவர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கினர். ஒருவரை ஒருவர் அறியாத அம்மூவரும் வாங்கிய சில மணி நேரத்துக்குள் தற்கொலை செய்துகொண்டனர். செய்தி அறிந்த கடைக்காரர் அதைப் புறந்தள்ளவில்லை. துப்பாக்கி வணிகர்களும் உரிமையாளர்களும் பொதுச் சுகாதார அறிஞர்களும் ஒரே மேசையில் அமர்ந்தனர். துப்பாக்கிச் சட்டம் பற்றிய சண்டையை வாசலிலேயே விட்டுவிட்டனர். மனமுடைந்து வருபவரை எவ்வாறு அடையாளம் காண்பது, விற்பனையை எவ்வாறு தவிர்ப்பது என்று கடைகளுக்குக் குறிப்புகள் எழுதினர். துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளோடு பதினோராவது கட்டளை என்று ஒன்றைச் சேர்த்தனர்: வீட்டில் ஒருவர் மனம் கலங்கியிருந்தால், அவர் தேறும்வரை துப்பாக்கியை வேறிடத்தில் வையுங்கள். அம்மாநிலக் கடைகளில் ஏறத்தாழப் பாதி, அந்தச் சுவரொட்டிகளையும் துண்டுத் தாள்களையும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்தன. வேறு மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் நினைவு வந்தது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சித்தப்பா கடன் வாங்கிப் போட்ட ஆழ்குழாயில் புழுதிதான் வந்தது. அவர் சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சை நிறுத்தினார். ஒருநாள் இரவு அப்பத்தா தாத்தாவிடம் மெல்லிய குரலில் சொன்னார்: "ஏங்க, அந்த இரும்பு இப்ப வீட்டுல இருக்க வேணாம். சின்னவன் மனசு தேறட்டும். அப்புறம் பாத்துக்கலாம்." தாத்தா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விடிந்ததும் துப்பாக்கியைத் துணியில் சுற்றினார். நிலையத்தில் ஒப்படைத்து ரசீதை மடியில் செருகிக்கொண்டு வந்தார். 'இப்ப எந்தத் தேர்தலுங்க?' என்று ஊரார் கேட்டனர். 'துடைக்கக் குடுத்திருக்கேன்' என்று சொல்லிவிட்டார். ஒரு முழு ஆண்டு அது வீடு திரும்பவில்லை. அந்த ஆண்டு பன்றிகள் தின்றது போகத்தான் எங்களுக்குக் கதிர். ஆனால் சித்தப்பா இருக்கிறார். இன்று தோட்டத்தில் பூச்செடி வைத்து, அதிகாலையில் சந்தைக்கு மூட்டை கட்டுகிறார்.

தாத்தாவை யாராவது 'கொலைகாரக் கருவி வைத்திருப்பவனே!' என்று அழைத்துவிட்டு அதே கோரிக்கையை வைத்திருந்தால், அவர் கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார். அப்பத்தா சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டார்; ஏனெனில் அந்தச் சொல்லில் பழி இல்லை, கவலை மட்டுமே இருந்தது. நியூ ஹாம்ஷயர் கடைக்காரர்கள் மேசைக்கு வந்ததும் இதனால்தான் என்று நான் நம்புகிறேன். துப்பாக்கிக்காரர் அனைவரும் வெறியர் என்று முடிவு கட்டிவிட்டால், அந்த 26,328 பேரின் வீட்டுக் கதவுகளை உரிமையோடு தட்டக்கூடியவர்களையே நாம் விரட்டிவிடுகின்றோம்.

நண்பர்களே! சட்டத்துக்காக வாதிடுவோம், உரக்கவே வாதிடுவோம். ஆனால் யாரோடு வாதிடுகின்றோமோ அவர் முகத்தை முதலில் பார்ப்போம். சோற்றைப் பதம் பார்க்க ஒரு பருக்கை போதும். மனிதரைப் பதம் பார்க்க, ஒவ்வொருவராகத்தான் பேசிப் பார்க்க வேண்டும்.