கட்டைக்குரல்

லேக் மார்க்கெட்,
கொல்கத்தா.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று ராத்திரி உன் அம்மா போனில் எல்லாம் சொன்னாள். ஆண்டு விழாப் பாட்டுக் குழுவிலிருந்து உன்னை எடுத்துவிட்டார்களாமே. 'ஆம்பளைக் குரல்' என்று எல்லார் முன்னாலும் சொன்னார்களாம். இரண்டு நாளாக நீ பாத்ரூமில்கூட முணுமுணுக்கவில்லை என்று அழுதாள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஊரில் உஷா உதுப் இருக்கிறார். 'அஞ்சலி' படத்தில் 'வேகம் வேகம்' பாடியவர் என்றால் உனக்குத் தெரியும். தமிழ்க் குடும்பத்துப் பெண், 1947-ல் மும்பையில் பிறந்தவர். அப்பா போலீஸ் அதிகாரி. இந்தக் குரல் ஒத்துவராது என்று பள்ளிக்கூடத்தில் அவரையும் பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் குழந்தைக்குள் சங்கீதம் இருப்பது பாட்டு டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. முக்கோணக் கம்பியைக் கையில் கொடுத்துத் தட்டச் சொல்வாராம். மற்ற பிள்ளைகள் பாடப் பாட, ஒரு சின்னப் பெண் கம்பியைத் தட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

1969-ல் நம் மவுண்ட் ரோடில், சஃபையர் தியேட்டர் இருந்த இடத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு நைட் கிளப். அங்கேதான் பாட ஆரம்பித்தார். ஆங்கிலப் பாட்டுதான், ஆனால் புடவை கட்டிக்கொண்டு! வீட்டில் கட்டுகிற புடவை, வகுப்பில் வேண்டாம் என்ற அதே குரல். இரண்டையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு இங்கே பார்க் ஸ்ட்ரீட் 'டிரிங்காஸ்'. கணவரைச் சந்தித்ததும் அங்கேதான். கொல்கத்தாவே சொந்த ஊராகிவிட்டது.

எல்லாம் சுகமாக நடக்கவில்லை. எண்பதுகளில் இங்கே ஒரு அமைச்சர், இவர் பாட்டு கலாசாரத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி அரசு அரங்குகளில் பாடவிடாமல் தடுத்தார். உஷா கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான்.

மேடையில் நான் பார்த்திருக்கிறேன். காஞ்சிப் பட்டு, தலை நிறையப் பூ, நெற்றியில் அகலமான பொட்டு, அதில் வங்காள எழுத்து 'க'. வாய் திறந்ததும் அந்தக் கனத்த குரல் கடைசி வரிசை வரைக்கும் வந்து நம் நெஞ்சில் அதிர்கிறது. மெல்லிய குரலுக்கு அது வராது, கண்ணம்மா. 2011-ல் வந்த ஹிந்திப் படப் பாட்டு 'டார்லிங்', அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருது வாங்கித் தந்தது. அறுபது வயது தாண்டிய பிறகு! 2024-ல் பத்மபூஷண்.

பாட்டு வகுப்பில் உன்னை ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடச் சொல்கிறார்களாம். அங்கேதான் தப்பு. மேலே எட்டவில்லை என்று கத்தினால் தொண்டை புண்ணாகும். நாலு கட்டைக்கு இறக்கு, இன்னும் கீழே போனாலும் சரி. எந்த இடத்தில் குரல் தானாக நிற்கிறதோ அங்கே உட்கார்ந்து ஒரு வாரம் வெறும் 'ஸா' மட்டும் பிடி. பட்டம்மாளின் பழைய ரெக்கார்டுகள் அம்மாவிடம் இருக்கும், கேள். அவர் குரலும் கனமானதுதான்.

தை பிறந்ததும் வருகிறேன். சுருதிப் பெட்டியைத் தூசு தட்டி வை. கதவைச் சாத்திக்கொண்டு நாம் இரண்டு பேரும் பாடலாம்.

உன்
பெரியம்மா