அரை மில்லிமீட்டர்

என் மகள் முழுகாமல் இருந்தாள். புகுந்த வீடு சிவகாசி. ஐந்தாம் மாத ஸ்கேனுக்காக விருதுநகருக்கு என்னிடம் வந்திருந்தாள். கூடவே சம்பந்தியம்மாளும் வந்துவிட்டார். "மதினி, பிள்ளை முகத்தைப் பார்க்கலாமாமே!" என்று அவருக்கு ஒரே குதூகலம்.

உள்ளே நுழைந்ததுமே, ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற பலகை. 1994-ஆம் வருஷத்துச் சட்டம். அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டது எங்களில் யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை.

கை, கால், இருதயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்த டாக்டரம்மாள், தலைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே இடத்தை மூன்று தரம் அளந்தார். மூளைக்குள் நீர் தங்கும் சிறிய அறைகள் உண்டாம். அவற்றின் அகலம் பத்து மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். இந்தக் குழந்தைக்கு ஒரு பக்கம் 10.5.

"மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. இத்தனை சிறிய வித்தியாசம் பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. நான்கு வாரம் கழித்து மறுபடியும் பார்ப்போம்" என்று சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

அரை மில்லிமீட்டர்! ரவிக்கை தைக்கும்போது நாம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வோமா? அந்த நான்கு வாரமும் அதுவே வீடு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. "எங்க ஊர் வெடிச் சத்தந்தான் காரணமோ?" என்று சம்பந்தியம்மாள் போனில் அழுதார். நானோ ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நினைத்து மருகினேன். மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய், கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனது நமக்குத் தெரியவரும்போதே அந்த வேலை முடிகிற தறுவாயில் இருக்கும். அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். நான் அவளிடம் அதைச் சொல்லவே இல்லையே! ("அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்று டாக்டரம்மாள் பிற்பாடு சொன்னார். அதற்குள் நான் எத்தனை இரவு தூங்கவில்லை!) மகள் மட்டும் யாரோடும் பேசாமல், வயிற்றில் கை வைத்தபடியே படுத்திருந்தாள்.

மறுபடி போனபோது இரண்டு பக்கமும் ஒன்பதுக்குள் வந்திருந்தது. இரத்தத்திலும் குறை இல்லை.

டாக்டரம்மாள் அத்தோடு விடவில்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பினார். குழந்தை ஒரு காலை நீட்டி மடக்கிற்று. கையை முகத்துக்குக் கொண்டுபோயிற்று. அப்புறம் வாயைத் திறந்து ஒரு கொட்டாவி! "இதெல்லாமும் மூளை செய்கிற வேலைதான்" என்றார். ஏழெட்டு வாரத்திலேயே அசைவு ஆரம்பித்துவிடுகிறதாம்; தாய்க்குத் தெரிவதுதான் ஐந்தாம் மாதம். 1982-இல் ஹாலந்து தேசத்தில் பிரெக்டல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மணிக்கணக்காகத் திரையைப் பார்த்து, எந்த வாரத்தில் எந்த அசைவு வருகிறது என்று எழுதி வைத்தார்கள். அசைவு விதவிதமாக, நெளிவு சுளிவோடு இருந்தால் நல்லது. விறைப்பாக, ஒரே மாதிரி இருந்தால்தான் யோசிக்கவேண்டும். ஜாக்ரெப் நகரத்து டாக்டர் குர்ஜாக் இதற்கெல்லாம் மார்க் போடவே ஒரு முறை வகுத்திருக்கிறாராம்.

மார்க் என்றதும் சம்பந்தியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிளஸ் டூ தேர்ச்சியில் பலமுறை முதல் இடம் வாங்கிய ஜில்லா அல்லவா எங்களுடையது! "பிள்ளை நல்லாப் படிக்குமா, டாக்டரம்மா?"

"அது இந்த மெஷினுக்குத் தெரியாதம்மா. இன்று பார்த்தவரையில் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான் என்னால் சொல்லமுடியும்."

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாத அந்த டாக்டரம்மாளை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ஏழாம் மாதம் சிவகாசியில் வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் பட்டாசுக் கடைக்காரர்கள். வாசலில் மாப்பிள்ளையின் தம்பி பத்தாயிரம் வாலாவை விரித்துக்கொண்டிருந்தான். சம்பந்தியம்மாள் சந்தனக் கையோடு ஓடினார்.

"ஏலே, அதைச் சுருட்டு! உள்ளே பிள்ளைக்குக் காது கேக்க ஆரம்பிச்சிருச்சு!"

சரத்தைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனான். கூடத்தில் வளையல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மகள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.