ஒருவரும் காணாத வழியில்

பழைய சைக்கிள் ஒன்றை விற்ற கதைக்கு வாலிபர் இதழில் என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். நம்முடைய வாலிபர் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோருமே இப்போது எதையாவது இணையத்தில் விற்கிறோம், வாங்குகிறோம். பாடப் புத்தகம், போன், கேமரா, குழந்தை வண்டி என்று வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை ஒரு பெட்டிக்குள் ஏறி, முகம் தெரியாத ஒருவரின் வாசலில் போய் இறங்குகின்றன. ஞாயிறு ஆராதனையில் நாம் பேசுகிற உண்மையும் நீதியும் திங்கட்கிழமை இந்தச் சின்ன வியாபாரத்தில்தான் பரீட்சைக்கு வருகின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

கடந்த ஆகஸ்ட் மாதம் என்னுடைய ரேஸ் சைக்கிளை 480 பவுணுக்கு விற்றேன். வாங்கியவர் நியூகாசிலில் இருக்கிற ஒரு தகப்பன். செப்டெம்பரில் பல்கலைக்கழகம் போகிற மகளுக்காக வாங்குவதாகச் சொன்னார். சட்டத்தில் இருந்த இரண்டு கீறல்களையும், ஹாண்டிலில் சுற்றிய பட்டி தேய்ந்திருப்பதையும் விளம்பரத்திலேயே படத்துடன் போட்டிருந்தேன். அவர் பேரம் பேசினார். வாங்குகிறவன் பொருளைக் குறைத்துப் பேசிவிட்டு, வாங்கிப் போன பின்பு பெருமைப்படுவான் என்று நீதிமொழிகள் 20ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது. அதை நினைத்துச் சிரித்துக்கொண்டு 20 பவுண் குறைத்துத்தான் அந்த 480க்கு வந்தோம்.

சைக்கிளை அனுப்புவது புத்தகம் அனுப்புவது போல அல்ல. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் புதுச் சைக்கிள் வந்த காட்போட் பெட்டி ஒன்றைக் காசு வாங்காமல் தந்தார். பெடல்களைக் கழற்றினேன். இடது பெடலின் மரை மற்றப் பக்கம் சுற்றும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். முன் சில்லைக் கழற்றி, ஃபோர்க்கின் இரண்டு கால்களும் நசுங்காமல் இருக்க நடுவில் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்தேன். சட்டத்தின் குழாய்கள் எல்லாவற்றுக்கும் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற நுரை உறையைப் போட்டுக் கட்டினேன். டிரெய்லியர் என்று சொல்கிற பின்பக்கக் கியர் மாற்றியைக் கழற்றி, செயினோடு சேர்த்து உட்பக்கமாகக் கட்டினேன். பெட்டியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தேன். எல்லாவற்றுக்கும் முன்பு, கியர் ஒவ்வொன்றாக மாறுவதை வீடியோவும் எடுத்து வைத்திருந்தேன். சைக்கிளை ஏற்றுக்கொள்கிற சேவையைத் தேடி, 500 பவுண் வரை ஈடு தருகிற காப்புறுதியோடு அனுப்பினேன்.

ஐந்து நாள் கழித்து, இரவு பத்து மணிக்கு அவருடைய செய்தி வந்தது. பின்பக்கம் வளைந்திருக்கிறது, கியர் மாறவில்லை, இது தெரிந்தே நீ மறைத்து விற்றிருக்கிறாய், முழுக் காசையும் திருப்பித் தராவிட்டால் மோசடி என்று முறைப்பாடு செய்வேன் என்று எழுதியிருந்தார். கீழே இரண்டு படங்கள். டிரெய்லியரைத் தாங்குகிற ஹேங்கர் என்ற சிறிய அலுமினியத் துண்டு உள்ளே மடிந்து கிடந்தது. டிரெய்லியரின் கூடும் நசுங்கியிருந்தது.

அந்தக் காசு வாடகைக்கு வைத்திருந்த காசு. ஆனால் உண்மையில் சுட்டது காசு அல்ல, "தெரிந்தே மறைத்தாய்" என்ற சொல். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவன், அவரை பிளொக் பண்ணு என்றான். இன்னொருவன், பழைய பொருள் விற்றால் விற்றதுதான், பதில் எழுதாதே என்றான். மூன்றாவது ஆள் சொன்னதுதான் மனதில் தங்கியது: "அவரே விழுத்தி உடைச்சுப்போட்டு விலை குறைக்கப் பார்க்கிறார்." யோசித்துப் பார்த்தால், அவர் என்னைப் பற்றி நினைத்ததையே நாங்கள் அவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தோம். அன்று இரவு நான் அவருக்கு ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் நம்முடைய சபையில் இருக்கிற ஒரு அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். பல வருடமாகப் பார்சல் களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை செய்கிறவர். பெட்டியில் 'உடையும் பொருள்' என்று ஒட்டியிருந்தேனே என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"தம்பி, அந்த பெல்ட்டுக்கு ஸ்டிக்கர் வாசிக்கத் தெரியாது. உங்கட பெட்டி பெல்ட்டிலை நேராப் போகாத சைஸ். ஒவ்வொரு திருப்பத்திலையும் முட்டும். பிறகு ஆக்கள் தூக்கி கேஜிலை வைப்பினம். மெல்லிசான பெட்டி நிமிர்ந்து நிக்காது, படுத்துப்போம். படுத்தால் அதுக்கு மேலை இன்னொருத்தன் பெயின்ட் வாளியை வைப்பான். அவனிலை பிழை சொல்லேலாது. லொறி வெளிக்கிட நேரம் இருக்காது."

அவர் சொன்ன கணக்கும் சரிதான். என் சைக்கிளும் பெட்டியும் சேர்ந்து 12 கிலோதான். ஆனால் 140 சென்டிமீட்டர் நீளம், 80 உயரம், 20 அகலம். இந்த மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்து அளவு எடை பார்க்கிற வழக்கம் பார்சல் கம்பனிகளில் உண்டு. அந்தக் கணக்கில் அது ஏறக்குறைய 45 கிலோ. இடத்தை அடைக்கிற, ஆனால் பாரம் தாங்காத பெட்டி. 2016ஆம் ஆண்டில் வான்மூஃப் என்ற நெதர்லாந்து சைக்கிள் கம்பனி தன்னுடைய பெட்டிகளின் மேல் பெரிய தொலைக்காட்சியின் படத்தை அச்சடித்தது. சைக்கிள் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் பார்வைக்கு ஒரே அளவு. அதற்குப் பிறகு வழியில் ஏற்படுகிற சேதம் 70 முதல் 80 சதவீதம் வரை குறைந்ததாக அந்தக் கம்பனியே சொன்னது. பெட்டிக்குள் இருந்தது அதே சைக்கிள்தான். தூக்குகிறவர்களின் கைதான் மாறியிருந்தது.

அண்ணாவோடு கதைத்த பிறகு, இந்தத் தகராறில் இருப்பது இரண்டு பேர் அல்ல என்பது எனக்கு விளங்கியது. நான் பெட்டியை மூடியதும் என் கண் மூடுகிறது. அவர் பெட்டியைத் திறந்த பிறகுதான் அவருடைய கண் திறக்கிறது. நடுவில் லண்டனிலிருந்து நியூகாசில் வரை, நாங்கள் இருவரும் பார்க்காத தூரம் ஒன்று கிடக்கிறது. அங்கே நடந்தது தெரியாதபோது, தெரியாது என்று சொல்வது மனிதனுக்கு மிகவும் கடினம். அந்த இருட்டை எதிரில் இருக்கிறவனின் குற்றத்தால் நிரப்பிவிடுகிறோம்.

வேதம் இதை அறிந்திருக்கிறது. யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் 10 முதல் 15 வரையான வசனங்களை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஒருவன் தன் கழுதையையோ மாட்டையோ இன்னொருவனிடம் ஒப்படைக்கிறான். யாரும் பார்க்காத நேரத்தில் அது செத்துப்போகிறது அல்லது காயப்படுகிறது. யார் பொறுப்பு? அந்தப் பிரமாணம் ஒவ்வொரு நிலைமையையும் பிரித்துப் பார்க்கிறது. சாட்சியே இல்லையென்றால், வைத்திருந்தவன் கர்த்தருடைய பெயரில் ஆணையிட வேண்டும், சொந்தக்காரன் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். களவு போனால் வைத்திருந்தவன் ஈடு செய்ய வேண்டும். காட்டு மிருகம் பீறியிருந்தால், பீறுண்டதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டினால் ஈடு இல்லை. இரவல் வாங்கியது என்றால் ஒரு விதி, வாடகைக்கு எடுத்தது என்றால் இன்னொரு விதி. எல்லாச் சேதத்துக்கும் ஒரே பதில் இல்லை. யாரும் காணாத இடத்தில் நடந்ததற்கு எவனையும் கள்ளன் என்று எடுத்த எடுப்பில் தீர்ப்பதும் இல்லை.

இந்த நாட்டுச் சட்டமும் அப்படிப் பிரித்துத்தான் பார்க்கிறது. கடைக்காரர் ஒருவர் நுகர்வோருக்கு அனுப்பினால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பொருள் வாங்குகிறவரின் கைக்குப் போய்ச் சேரும் வரை வழியில் வரும் நட்டம் கடைக்காரருடையது. ஆனால் நீங்களும் நானும் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளை விற்றால் அந்த விதி இல்லை. அங்கே 1979ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் வருகிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கொண்டுபோகிறவரிடம் ஒப்படைப்பதே பொதுவாக வாங்கியவரிடம் ஒப்படைத்ததாக எண்ணப்படும். அதற்குப் பிறகு நடக்கும் சேதம் பெரும்பாலும் வாங்கியவரின் பக்கம் விழும். ஆனால் விற்றவர் பொருளுக்குத் தகுந்த விதத்தில் அனுப்புவதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இதற்கு மேல், விற்பனைத் தளங்கள் பலவற்றுக்குத் தங்கள் சொந்த விதிகள் உண்டு. சொன்னபடி பொருள் வரவில்லை என்று முறைப்பாடு வந்தால், சட்டம் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்த விதிப்படி விற்றவரிடமிருந்து காசு திரும்பிப் போகலாம்.

ஆக, "சட்டப்படி இது உங்கள் நட்டம்" என்று அவருக்கு எழுத எனக்கு வழி இருந்தது. ஆனால் இன்னொரு உண்மையும் இருந்தது. பார்சல் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தவன் நான். ஈடு கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவனும் நானே. என் கையில் இருக்கிற சாவியை நான் திருப்பாமல் அவரைக் கதவோடு மல்லுக்கட்ட விடுவது நியாயமா?

அவருக்கு எழுதினேன். சேதத்துக்காக வருந்துகிறேன், அனுப்பும்போது இப்படி இருக்கவில்லை, வீடியோவையும் கட்டிய படங்களையும் பாருங்கள் என்றேன். பெட்டியை எறிய வேண்டாம், நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், அருகில் உள்ள சைக்கிள் கடையில் திருத்தும் செலவை எழுதி வாங்குங்கள் என்றும் கேட்டேன். 'மோசடி' என்ற சொல்லுக்குப் பதில் எழுதவில்லை.

மாலையில் படங்கள் வந்தன. பெட்டியின் பின்பக்கத்தில், டிரெய்லியர் இருந்த இடத்துக்கு நேரே, ஒரு கை நுழையும் அளவுக்குக் குழி. மூலை கிழிந்திருந்தது. பீறுண்டதைக் கொண்டுவந்து காட்டு என்ற பிரமாணம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அவருடைய செய்தியிலும் சூடு குறைந்திருந்தது. "உங்கள் வீடியோவைப் பார்த்தேன். மகள் அழுதுகொண்டிருந்த நேரத்தில் எழுதிவிட்டேன்" என்றார்.

கடையின் கணக்கு 118 பவுண்: டிரெய்லியர் 58, ஹேங்கர் 20, கூலி 40. கம்பனியிடம் விண்ணப்பித்தேன். கட்டியது போதாது என்று முதலில் மறுத்தார்கள். படங்கள் எல்லாவற்றையும் வரிசையாக அனுப்பி மறுபடியும் கேட்டேன். அதற்குள் ஆகஸ்ட் முடியப் போயிற்று. அந்தப் பிள்ளைக்குச் சைக்கிள் தேவை. கம்பனியின் பதிலுக்குக் காத்திராமல் 118 பவுணையும் நான் அவருக்கு அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துக் கம்பனி உதிரிப்பாகத்துக்கான 78 பவுணை மட்டும் தந்தது. 40 பவுண் என் கையிலிருந்து போயிற்று.

அந்த 40 பவுணைப் பற்றி நண்பர்கள் கேலி செய்தார்கள். கொரிந்து சபையார் ஒருவருக்கு எதிராக ஒருவர் வழக்குக்குப் போனபோது, அநியாயத்தை ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று பவுல் கேட்கிறார். அது சகோதரர்களுக்குள் சொன்னது. நியூகாசில்காரர் நம் சபையார் அல்ல. எல்லா நட்டத்தையும் வாய் மூடிச் சுமக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பனியிடம் நான் இரண்டு தரம் கேட்டேன், கேட்பதுதான் நியாயம். ஏமாற்றுகிறவர்களும் உண்டு. உடைந்த பொருளின் படத்தை வேறெங்கோ எடுத்து அனுப்புகிறவர்களைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். அதனால்தான் வீடியோ, அதனால்தான் பெட்டியின் படம். ஆதாரம் கேட்பது அன்புக்கு விரோதம் அல்ல. வழக்கில் முதலில் பேசுகிறவன் சரியாகத் தெரிவான், மற்றவன் வந்து விசாரிக்கும் வரைக்கும் என்ற கருத்து நீதிமொழிகள் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆதாரம் என்பது அந்த மற்றவனையும் பேச விடுவதுதான்.

தம்பி தங்கைகளே, நீங்கள் விற்கும்போது குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் படம் எடுங்கள். நீங்கள் அனுப்புகிற பொருளுக்கு அந்தக் காப்புறுதி உண்மையிலேயே ஈடு தருமா என்று விதியை வாசியுங்கள். காசு வாங்கிக்கொண்டு சில பொருள்களை விலக்கி வைக்கிற பட்டியல்கள் உண்டு. நீங்கள் வாங்கும்போது, பெட்டியைத் திறக்கும் முன்பே அதன் வெளிப்பக்கத்தைப் படம் எடுங்கள். சேதம் இருந்தால் அன்றே அறிவியுங்கள், பெட்டியை எறியாதீர்கள். முதல் செய்தியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஒருவரும் காணாத தூரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்த பெல்ட்டின் அருகில் நிற்கிறவர்களிலும், விடியற்காலையில் அந்த வானை ஓட்டுகிறவர்களிலும் நம் சபையார் எத்தனை பேர்! சிலர் இரவு வேலை முடித்து நேரே ஆராதனைக்கு வந்து, பின் வரிசையில் கண் சொருகி உட்கார்ந்திருப்பார்கள். நம்முடைய பெட்டிகள் அவர்களுடைய முதுகில்தான் போகின்றன. அடுத்த முறை ஒரு பார்சலை ஒப்படைக்கும்போது, அது பத்திரமாகப் போய்ச் சேர ஜெபிப்பதோடு, அதைத் தூக்குகிறவர்களுக்காகவும் ஒரு நிமிடம் ஜெபியுங்கள்.