நானா வைத்திருந்த முகவரி

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் ஒரே வேளையில் மின்சாரம் நின்றுபோயிற்று. துணை மின்நிலையமொன்றில் குரங்கு புகுந்ததே காரணமென்று அமைச்சர் சொன்னதைக் கேட்டு நாடே நகைத்தது. எனக்கு நகைப்பு வரவில்லை. அந்தக் குரங்கு என் வீட்டு முகவரியையும் மாற்றிவிட்டிருந்தது.

மின்சாரம் மீண்டபின் ரொறன்ரோவிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தாள். "தம்பி, ஐயாவின் கொப்பியைத் திறக்க முடியவில்லையடா. வீடு பூட்டிக் கிடக்கிறதே!" என்றாள்.

ஐயாவின் கொப்பி எது என்று சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஆங்கிலேயக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டில் ஐயா துறைமுகத்தில் இலிகிதராகச் சேர்ந்தார். இன்று எந்தக் கப்பல் வந்தது, எத்தனை நாள் நின்றது, தேயிலை ஏற்றியதா என்பதையெல்லாம் இரவில் விளக்கடியில் அமர்ந்து எழுதிவைப்பார். அவ்வாறு சேர்ந்தவை பதினொரு கொப்பிகள். உப்புக்காற்றில் தாள்கள் உதிரத் தொடங்கவே, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, உள்ளங்கையளவான ராஸ்பெரி பை என்னும் கணினியில் ஏற்றி, எங்கள் வீட்டு மேசையிலேயே ஓர் இணையத்தளமாக வைத்தேன். 2022இல் ரூபாய் சரிந்த பின்னர் பிறர் கணினியில் இடம்பிடித்து டொலரில் வாடகை செலுத்துவது எனது ஓய்வூதியத்துக்கு இயலாத காரியம். அத்துடன், இக்கொப்பிகளை ஒருமுறை பிறரிடம் விட்டுச்சென்றது போதும் என்ற எண்ணமும் இருந்தது.

இணையத்தில் சேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இலக்கம் உண்டு. பழைய முறைப்படி அமையக்கூடிய இலக்கங்கள் ஏறக்குறைய 429 கோடி. உலகின் பொதுக் களஞ்சியத்திலிருந்த கையிருப்பு 2011 பெப்ரவரியிலேயே தீர்ந்துபோயிற்று. ஆகவே சாதாரண வீடுகளுக்கு நிலையான இலக்கம் கிடைப்பது அரிது. இரவலாக ஒன்றைத் தருவார்கள். மின்சாரம் நின்று வந்தால் வேறொன்று வரக்கூடும். முன்பு நான் வைத்திருந்த கைத்தொலைபேசி வழி இணைப்பில் நிலைமை இதனிலும் மோசம். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே இலக்கம்! வெளியார் எந்தக் கதவைத் தட்டுவது?

ஆனால் வருபவர்கள் இலக்கத்தை மனனஞ்செய்வதில்லை, பெயரைத்தான் சொல்கிறார்கள். தொடக்கத்தில் பெயர்களும் இலக்கங்களும் அடங்கிய ஒரே பட்டியலை அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனம் பேணிவந்தது. கணினிகள் பெருகவே, 1983இல் போல் மொக்காபெட்ரிஸ் என்பவர் அந்த வேலையைப் பலரிடம் பகிர்ந்துவிடும் முறையை வகுத்தார். பெயரைக் கேட்டால் இலக்கத்தைச் சொல்லும் பதிவேடு அது. இலக்கம் மாறியதை நாம் அறிவிக்காவிட்டால், பதிவேடு பழைய இலக்கத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். நானோ இலக்கத்தைக் கையால் பதிந்துவிட்டு வாளாவிருந்தேன்.

அன்றிரவே திருத்தினேன். ஆயினும் அக்காவுக்கு மறுநாள்வரை தளம் திறக்கவில்லை. பதிவேட்டில் ஒருமுறை கேட்டறிந்த இலக்கத்தை ஒருநாள் முழுதும் நினைவில் வைத்திருக்கலாம் என்று நானே விதித்திருந்தேனாம்! வழியிலிருந்த கணினிகள் அந்தப் பழைய நினைவிலேயே அவளைப் பழைய வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

இதைக் கேட்டதும் எனக்கு நானாவின் நினைவு வந்தது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது, கொப்பிகளை உட்துறைமுக வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த நானாவிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டோம். முதலில் நிலாவெளி, பின்னர் வவுனியாவில் உறவினர் வீடு, அதன்பின் ஓர் அகதி முகாம். அக்காவுக்குத் தெரிந்தது நானாவின் கடை ஒன்றுதான். அவள் கடிதங்கள் அங்கே வரும். ஒரு பிஸ்கற் பேணிக்குள் எங்கள் இருப்பிடம் எழுதிய தாள் இருக்கும். நாங்கள் இடம் மாறிச் சொல்லியனுப்பும்போதெல்லாம் நானா பழைய வரியை வெட்டிப் புதியதை எழுதி, அந்தப் பக்கம் போகிறவர் கையில் கடிதத்தைக் கொடுத்துவிடுவார். முகாமுக்குப் போனதை அம்மா அறிவிக்கத் தாமதித்துவிட்டார். அந்த இடைவெளியில் வந்த உறை, வவுனியா வீட்டைத் தேடிப் போய்த் தொலைந்தது. அதற்குள் இருந்தது அக்காவின் தலைப்பிள்ளையின் முதற்படம். வேறு பிரதி இல்லை. அம்மா அதைப் பற்றிக் கடைசிவரை பேசவே மாட்டார்.

இப்போது என் வீட்டில் நானாவுக்குச் செய்தி சொல்ல ஓர் ஆள் இருக்கிறது. உயர்தர வகுப்பில் படிக்கும் அயல்வீட்டுப் பையன் ஒரு சிறு செயலியை அமைத்துத் தந்தான். அஃது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "வெளியில் என் இலக்கம் என்ன?" என்று கேட்டறிகிறது, மாறியிருந்தால் உடனே பதிவேட்டுக்கு அறிவிக்கிறது. நினைவில் வைக்கும் காலத்தையும் ஒருநாளிலிருந்து ஐந்து நிமிடமாக்கினான். தேவையற்ற வாசல்களையும் அடைத்தான். எங்கள் நகரில் படலை திறந்திருந்தால் மான்கள் நுழைந்து செடிகளைத் தின்றுவிடும். இணையத்தில் நுழைபவை அவ்வளவு அழகானவையல்ல.

சோதிப்பதற்காகப் பையன் இணைப்புக் கருவியின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போட்டான். இலக்கம் மாறிற்று. சற்றுப் பொறுத்து அக்காவை அழைத்தேன்.

"திறக்கிறதடா," என்றாள். "1962ஆம் ஆண்டுக் கொப்பியில் நிற்கிறேன். தேயிலைக் கப்பலொன்றுக்குக் கீழே, ‘பெண் பிறந்தாள்' என்று ஐயா எழுதியிருக்கிறார்."

பிறகு அவள் நெடுநேரம் பேசவில்லை. நானும் தொலைபேசியை வைக்கவில்லை.